கட்டுவள்ளமும் கெட்ட நீரும்

நம் இலக்கிய இதழ்களில் சில ஆண்டுகளாகவே ஒரு கட்டுரை வகை பெருகிவருகிறது. அதற்குக் 'காயல் கட்டுரை' என்று பெயரிடலாம். அதன் இலக்கணம் எளிது. எழுத்தாளர் நண்பர்களுடன் ஆலப்புழைக்குச் செல்வார். புன்னமடைத் துறையில் படகுவீடு ஒன்றை ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்குமாக வாடகைக்கு எடுப்பார். மூங்கில் பாய் வேய்ந்த வளைகூரையின் கீழ்ப் பிரம்பு நாற்காலியில் அவர் சாய்ந்திருக்க, வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் வரும். கரையில் தென்னைகள் பின்னோக்கி நகரும். நீர்க்காகம் ஒன்று சிறகு உலர்த்தும். 'காலம் இங்கே உறைந்துவிட்டது' என்னும் வரி தவறாமல் இடம்பெறும். தகழியின் ஊர் இந்தப் பக்கம்தான் என்று ஒரு நண்பர் நினைவூட்டுவார். இரவில் நீரின் மௌனம் குறித்து இரண்டு பத்தி தத்துவம். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் படகைக் காலி செய்யவேண்டும் என்பதால் கட்டுரையும் அத்துடன் முடியும்.

இக்கட்டுரைகளின் நடையோடு எனக்குப் பிணக்கு இல்லை; அவற்றுள் சில நன்றாகவே எழுதப்பட்டவை. அவை எவற்றைப் பார்க்க மறுக்கின்றன என்பதே என் பிணக்கு. அப்படகின் உழைப்பு வரலாறு, அதை இன்று செலுத்தும் மனிதர்கள், அதிலிருந்து வெளியேறும் கழிவு, அந்த நீரை ஒட்டியே பிறந்து வாழ்ந்து மடியும் மக்கள் ஆகிய நான்கும் அவற்றில் இல்லை. சுற்றுலா நிறுவனத்தின் துண்டறிக்கையில் இவை இல்லாதிருப்பது இயல்பு. அதை எழுதுபவருக்கு அதற்காகவே ஊதியம் தருகிறார்கள். இலக்கியவாதி எந்த ஊதியமும் பெறாமல் அதே பணியைச் செய்வானேன்?

1

பெயரிலிருந்து தொடங்குவோம். 'கெட்டுவள்ளம்' என்னும் மலையாளச் சொல்லிலுள்ள 'கெட்டு' நம் 'கட்டு'தான். ஆஞ்சிலி மரப் பலகைகளை ஓர் ஆணியும் அடிக்காமல் தென்னங்கயிற்றால் துளைவழி தைத்துக் கட்டி, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பூசிக் கறுப்பேற்றிய சரக்குப் படகு அது. குட்டநாட்டு நெல்லும் தேங்காயும் கயிறும் மலைச்சரக்கும் அதில் ஏறிச் சந்தைகளுக்குச் சென்றன. கழையூன்றியும் பாய் விரித்தும் அதைச் செலுத்தியவர்கள் சரக்கோடு சரக்காக அதிலேயே சமைத்து, உண்டு, உறங்கினார்கள். பாலங்களும் சரக்கு லாரிகளும் வந்தபின் வள்ளங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. கரையேறி மட்கத் தொடங்கிய அவற்றுக்குள் கட்டிலும் கழிப்பறையும் பொருத்திச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1990களின் தொடக்கத்தில். அதாவது நம் கட்டுரையாளர்கள் 'தொன்மையான மரபு' என்று கண்ணீர் மல்க எழுதும் படகுவீடு, நம் வீடுகளுக்குக் கம்பிவடத் தொலைக்காட்சி வந்த காலத்தில் பிறந்தது.

பழைய பொருளுக்குப் புதிய பயன் காண்பதில் தவறேதும் இல்லை. பழைய பயனைத் துடைத்துவிட்டு, நெல் சுமந்த வள்ளத்தை ஏதோ அரச குடும்பத்தினர் நிலவில் உலாவிய உல்லாசக் கலம் போலக் காட்டுவதில்தான் பொய் புகுகிறது. இன்று புன்னமடையில் நிற்பவற்றுள் பல, சரக்கு ஏற்றிய நாளே அறியாதவை; விடுதியாகவே கட்டப்பட்டவை. இரண்டு அடுக்கு, வரிசையாகக் குளிரூட்டிய அறைகள், மேல்தளத்தில் கூட்ட அரங்கு என்று அவை வளர்ந்துவிட்டன. வளைகூரை மட்டும் அடையாளத்துக்காக எஞ்சியிருக்கிறது.

தமிழ் படித்தவர்கள் இதில் ஏமாறக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கழியில் ஓடும் படகு நம் இலக்கியத்தில் முதன்முதலாகத் தோன்றும்போதே வேலை செய்துகொண்டுதான் தோன்றுகிறது. பட்டினப்பாலையின் படகுகள் உப்பை விற்று நெல்லோடு திரும்பி வந்து, இலாயத்துக் குதிரைகளைப்போல் வரிசையாகக் கட்டப்பட்டு நிற்கின்றன. புறநானூற்றின் 343ஆம் பாட்டு முசிறியைப் பேசுகிறது. மீனை விற்றுப் பெற்ற நெல் படகில் குவிகிறது; மிளகு மூடைகள் கரையை நிறைக்கின்றன; பெருங்கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்க்கின்றன. முசிறி இருந்தது இதே நீர்ப்பரப்பின் வடபுறத்தில். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பரணர் அந்தக் கழியில் பண்டமாற்றைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், சந்தைக் கூச்சலைக் கேட்டார். அவருடைய வழியில் வந்த நாம் அதே கழியில் மௌனத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

2

ஆலப்புழையைக் 'கிழக்கின் வெனிஸ்' என்று எழுதாத காயல் கட்டுரை இல்லை. அந்நகரின் கால்வாய்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் திவான் ராஜா கேசவதாஸ் ஆலப்புழையைத் துறைமுகமாக்கியபோது, காயலிலிருந்து சரக்கைக் கடற்கரைக்குக் கொண்டுவரும் வழிகளாக அவை அமைந்தன. 1859இல் அங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலை வந்தது. மட்டையை நீரில் ஊறவைத்து, அடித்து, நார் பிரித்து, திரித்த கைகளின் நகரம் அது. அந்தக் கைகள் சங்கமாகத் திரண்டு, 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் திவான் சர் சி.பி.யின் படைகளுக்கு எதிரே நின்று துப்பாக்கிச் சூட்டில் மடிந்தன. வள்ளத்தைக் கட்டிய கயிற்றைத் திரித்தவர்களின் வரலாறு இது. வெனிஸ் என்னும் ஒரு சொல் இவ்வளவையும் மூடிவிடுகிறது.

படகுவீட்டின் முகப்பிலிருந்து தெரியும் 'பச்சைக் கம்பளம்' இன்னொரு மூடுசொல். அது குட்டநாட்டு வயல். கடல்மட்டத்துக்குக் கீழே, ஒரு மீட்டருக்கு மேல் தொடங்கி மூன்று மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கும் நிலத்தில் அங்கே நெல் விளைகிறது. இதை ஒரு வேளாண் மரபுச் செல்வமாக 2013இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அறிவித்தது. காயலின் நடுவே வரம்பு எழுப்பி, உள்ளே நின்ற நீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய நிலம் இது. மூழ்கிச் சேறு எடுத்து அவ்வரம்பை எழுப்பியவர்கள் பெரும்பாலும் புலையர், பறையர் சமூகங்களைச் சேர்ந்த கூலிகள். நிலத்துக்கு உரியவர்களானோர் வேறு சிலர். தகழி 1948இல் எழுதிய 'ரண்டிடங்ஙழி' அந்தக் கூலிகளின் நாவல். இரண்டு படி நெல் என்பது அதன் பெயரின் பொருள். அந்தப் படிக் கணக்கைப் படித்த வாசகர், அதே வயலைப் பிரம்பு நாற்காலியிலிருந்து பார்த்துக் கம்பளம் என்று எழுதினால், அவர் படித்ததுதான் என்ன?

3

இனி நீருக்கு வருவோம். வேம்பநாட்டுக் காயல் ஏறக்குறைய 96 கிலோமீட்டர் நீளம்; இந்தியாவின் மிக நீண்ட ஏரி. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில், மூவாற்றுப்புழை ஆகியவை அதில் வந்து விழுகின்றன. 1,500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேம்பநாடு-கோள் ஈரநிலம் 2002இல் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. காகிதத்தில் இவ்வளவு காவல் உள்ள நீரின் நிலை என்ன? வேம்பநாடு, அஷ்டமுடிக் காயல்கள் மாசடைவதைத் தடுக்கத் தவறியதற்காகக் கேரள அரசுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023இல் 10 கோடி ரூபாய் விதித்தது.

இந்த மாசு முழுவதும் படகுவீடுகளால் வந்தது என்று சொல்லமாட்டேன், அது உண்மையாகாது. வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, நகரங்களின் சாக்கடை, வடக்கே ஏலூர்த் தொழிற்சாலைகள், மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவருபவை என்று பங்காளிகள் பலர். ஆயினும் படகுவீட்டின் பங்குக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதைப் புரிந்துகொள்ளத் தண்ணீர்முக்கம் தடுப்பணையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடையில் கடல்நீர் காயலுக்குள் ஏறிப் புஞ்சைப் பயிரைக் கெடுக்காதிருக்க 1970களில் கட்டப்பட்டது இத்தடுப்பணை. ஏறத்தாழ டிசம்பரில் கதவுகளை இறக்கினால், கோடையில்தான் தூக்குவார்கள். அவ்வளவு காலமும் அணைக்குத் தெற்கிலுள்ள நீர் கடலோடு கலப்பதில்லை. முன்பு உப்புநீர் ஏறி இறங்கும்போது காயல் தன்னைத்தானே கழுவிக்கொண்டது. ஆகாயத்தாமரையை உப்பு கொன்றது. உவர்நீரில் இனம்பெருக்கும் மீனும் இறாலும் தடையின்றி வந்துபோயின. கதவு இறங்கியபின் தெற்குப் பகுதி தேங்கிய குட்டை. சுற்றுலாவின் உச்சப் பருவம் எது? டிசம்பரும் சனவரியும். படகுவீடுகள் நெருக்கியடித்து ஓடும் ஆலப்புழை எங்கே இருக்கிறது? அணைக்குத் தெற்கே. காயல் தன்னைக் கழுவிக்கொள்ள முடியாத மாதங்களில், கழுவிக்கொள்ள முடியாத பகுதியில், பல நூறு படகுகள் தம் கழிப்பறைகளோடும் சமையலறைகளோடும் எண்ணெய்க் கசிவோடும் உலவுகின்றன. நம் விடுமுறையும் அந்நீரின் நோய்க்காலமும் ஒரே நாட்காட்டியில் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. அணைக்கதவு எப்போது இறங்குகிறது என்று ஒரு வள்ளக்காரரைக் கேட்டாலே போதும்.

அந்நீரைச் சூழ்ந்து வாழும் குட்டநாட்டு மக்களின் பெருங்குறை எது தெரியுமா? குடிநீர். நான்கு புறமும் நீர் சூழ்ந்த வீட்டுப் பெண்கள் குடத்தோடு சிறு வள்ளத்தில் ஏறி நல்ல நீர் தேடிச் செல்கிறார்கள். காயல் கட்டுரைகளிலும் குடத்தோடு வள்ளத்தில் செல்லும் பெண் வருகிறாள், ஓவியம்போல் இருக்கிறாள். அவள் எதற்காகச் செல்கிறாள் என்று எவரும் கேட்பதில்லை.

4

இவ்விடத்தில் தகழியின் இன்னொரு நாவலை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1947இல் வந்த 'தோட்டியுடெ மகன்', தமிழில் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் 'தோட்டியின் மகன்'. நம் வாசகர்களில் அதைப் படிக்காதவர் குறைவு. அந்நாவலின் களம் ஆலப்புழை. நகரம் கழித்ததை வாளியில் அள்ளி வண்டியில் ஏற்றிச் சென்ற மூன்று தலைமுறைத் தோட்டிகளின் கதை அது. நகரம் தன் கழிவை யார் அள்ளுகிறார்கள் என்று பார்க்க விரும்பவில்லை. பார்க்காதிருக்கும் வசதிக்காகவே ஒரு சாதியை வைத்திருந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அதே ஆலப்புழையில், அந்நாவலைக் கொண்டாடும் நாம், நம் கழிவு எங்கே போகிறது என்று பார்க்க விரும்பாத ஒரு படகில் அமர்ந்து தகழியைப் பற்றிப் பேசுகிறோம்.

ஒருமுறை சக ஆசிரியர்களுடன் இத்தகைய படகொன்றில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. படகில் மூவர் பணியாற்றினர்: செலுத்துபவர், சமையல்காரர், உதவியாளர். கழிப்பறைத் தொட்டி நிறைந்தால் என்ன செய்வீர்கள் என்று உதவியாளரைக் கேட்டேன். அவர் முதலில் புரியாததுபோல் சிரித்தார். கரைக்குக் கொண்டுபோய் இறக்குவதற்கு ஏற்பாடு உண்டு என்றார். கடைசியாக எப்போது கொண்டுபோனீர்கள் என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பருவகாலத்தில் ஒரு குழு இறங்கி மூன்று மணி நேரத்தில் அடுத்த குழு ஏறுகிறது. இடைப்பட்ட நேரத்தில் விரிப்பு மாற்றி, பாத்திரம் துலக்கி, மீன் வாங்கி வரவேண்டியவர் அவர். கழிவு இறக்கும் நிலையத்தில் வரிசையில் நிற்க நேரமும் பணமும் ஒதுக்கவேண்டியவர் முதலாளி. ஒதுக்கினாரா என்று கேட்கவேண்டியவர்கள் நாங்கள். எங்களில் வேறு எவரும் கேட்கவில்லை என்பதோடு, கேட்டதற்காக என்னைக் கடிந்துகொண்டவரும் உண்டு: 'சாப்பிடும் நேரத்தில் இந்தப் பேச்சு எதற்கு?'

அன்றிரவு மூவரும் சமையலறையை ஒட்டிய குறுகிய இடத்தில் உறங்கினார்கள். எங்கள் அறைகளைக் குளிரூட்டிய மின்னாக்கி அவர்கள் தலைமாட்டில் விடிய விடிய ஓடியது. நீரின் மௌனம் என்று நம்மவர்கள் எழுதுவது, கண்ணாடிச் சாளரம் சாத்திய அறைக்குள் கேட்கும் மௌனம்.

5

'இப்படிப் பார்த்தால் உலகில் எங்குமே படகு வாடகைக்கு எடுக்க முடியாதே' என்பார்கள். முடியும். எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது.

பிரான்சின் தென்பகுதியில் 'கனால் து மிதி' என்னும் கால்வாய் 1681இல் திறக்கப்பட்டது. சரக்குப் போக்குவரத்து ஓய்ந்தபின் இன்று அதில் பெரும்பாலும் ஓடுபவை விடுமுறைப் படகுகள். இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களிலும் அப்படியே. இரண்டு இடங்களிலும் படகை வாடகைக்கு எடுப்பவர் பொதுவாகத் தாமே சுக்கான் பிடிக்கிறார். இங்கிலாந்தில் நீரடைப்புக் கதவுகளைத் தம் கையால் திறந்து மூடுகிறார்; மதகைச் சுழற்றித் தோள் வலிக்கக் கதவைத் தள்ளுகிறார். கழிப்பறைக் கழிவைக் கால்வாயில் விட அங்கே அனுமதியில்லை. உறிஞ்சி எடுக்கும் நிலையத்துக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் சேரும் வகையாயின் பெட்டியைத் தூக்கிச் சென்று அதற்குரிய இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். விடுமுறைக்கு வந்த மருத்துவரும் பேராசிரியரும் அதைச் செய்கிறார்கள். அதனால் எவருடைய சாதியும் கெட்டுவிடவில்லை.

இங்கிலாந்தைச் சொல்வதற்கு இலக்கிய வாசகர்களுக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அக்கால்வாய்கள் சாகக் கிடந்தன. ரயிலும் சாலையும் சரக்கைப் பறித்துக்கொண்டன. பல கால்வாய்கள் தூர்ந்தன. எல்.டி.சி. ரோல்ட் என்பவர் தம் மனைவியுடன் 'கிரெஸ்ஸி' என்னும் படகில் அவற்றினூடே பயணம் செய்து, 1944இல் 'நேரோ போட்' என்னும் நூலை வெளியிட்டார். அதுவும் ஒரு பயண நூல்தான். அதில் நிலவும் நீரும் மட்டும் இல்லை. கால்வாயில் பிறந்து வளர்ந்த படகுக் குடும்பங்களும், அவர்களுடைய தொழிலும், அவர்கள் தீட்டிய பூ ஓவியங்களும், சேறடைந்த வழிகளும் உண்டு. அந்நூலைப் படித்துவிட்டு ரோல்டைத் தேடிவந்தவர் ராபர்ட் ஐக்மன், பேய்க்கதைகள் எழுதிப் பின்னாளில் பெயர்பெற்றவர். 1946இல் இவர்கள் முன்னின்று உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் சிற்றிதழ்க்காரர்களைப் போலவே விரைவில் தமக்குள் பிணங்கிப் பிரிந்தும் போனார்கள். ஆனால் சங்கம் நின்றது. தொண்டர்கள் வார இறுதிகளில் மண்வெட்டியோடு இறங்கித் தூர் எடுத்தார்கள். கென்னட்-ஏவன் கால்வாய் போன்றவை பல பத்தாண்டு உழைப்பில் மீண்டன. அக்கால்வாய் 1990இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. எழுத்தாளர்கள் படகில் போனதால் ஒரு நாட்டின் நீர்வழிகள் பிழைத்தன. நம் எழுத்தாளர்கள் இத்தனை ஆண்டுகளாகக் காயலில் போய்வருகிறார்கள். ஒரு மதகுக்காவது அதனால் நன்மை விளைந்ததா?

6

மறுப்புகள் மூன்றினை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது, பிழைப்பு. 'சுற்றுலா இல்லையேல் அம்மக்கள் என்ன செய்வார்கள்?' இது வலுவான வாதம். படகுவீடு வந்திராவிட்டால் வள்ளம் கட்டும் ஆசாரிகளின் கைத்திறன் இந்நேரம் அழிந்திருக்கும். ஓட்டுநர், சமையல்காரர், மீன் விற்பவர் என்று பல குடும்பங்கள் இதை நம்பியிருக்கின்றன. நான் படகுவீட்டைத் தடைசெய்யச் சொல்லவில்லை. பிழைப்பைப் பற்றிப் பேசுவோர் எல்லோருடைய பிழைப்பையும் கணக்கில் எடுக்கட்டும் என்கிறேன். கக்கா வாருபவர், வலை வீசுபவர், வரம்பு காக்கும் விவசாயி ஆகியோரும் அந்நீரில்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் முதலில் வந்தவர்கள். மாலையானதும் படகுவீடுகள் கரையில் கட்டப்பட வேண்டும் என்னும் விதியே இரவு வலைவீச்சைக் காப்பதற்காக வந்ததுதான். அதைத் தொல்லை என்று எழுதிய கட்டுரையையும் நான் படித்திருக்கிறேன்.

2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் குட்டநாடு மூழ்கியபோது மக்களை ஆலப்புழைக்குக் கொண்டுசேர்த்தவற்றுள் மீன்பிடிப் படகுகளும் அரசுப் படகுகளும் மட்டுமல்ல, படகுவீடுகளும் இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அச்சில நாள்கள் கட்டுவள்ளம் தன் பழைய வேலைக்குத் திரும்பியது. அது யாருக்குக் கடன்பட்டது என்பதையும் அது காட்டியது.

இரண்டாவது, 'இதெல்லாம் அரசின் வேலை'. அரசின் வேலைதான். சட்டத்துக்கும் பஞ்சமில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது; கேரளத்துக்கென 2010ஆம் ஆண்டு விதிகள் இருந்தன. சட்டம் இருக்கும்போதே 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் பலர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். நெடியதுருத்தில் விதியை மீறி எழுந்த சொகுசு விடுதியை இடிக்க 2020இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. கேட்பவர் இல்லாத இடத்தில் சட்டம் உறங்கும். காசு கொடுப்பவரே கேட்கத் தகுதியுள்ள முதல் ஆள்.

மூன்றாவது, 'இன்பத்தை அனுபவிக்க விடாத ஒழுக்கவாதம் இது'. நீரின்மேல் மெல்ல நகர்வதை வெறுப்பவன் அல்லன் நான். அந்த இன்பத்துக்கு வேறு வழியும் இருக்கிறது என்றே சொல்கிறேன். 1968இல் தொடங்கிய கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் தலைமையகம் ஆலப்புழையிலேயே உள்ளது. அதன் படகுகள் சில பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அதே காயலின் வழியாகச் செல்கின்றன. பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருக்கும். அரிசிப் பையோடு ஒரு மூதாட்டி இருப்பாள். ஒவ்வொரு துறையிலும் படகு அணைந்து ஆளை இறக்கும். 2017 சனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்னும் சூரிய ஆற்றல் படகை இத்துறை இறக்கியது; 75 பேர் அமரலாம். பெரியாரின் நினைவோடு வைக்கத்துக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் அதில் ஏறியிருக்கிறார்கள்? காலம் அங்கே உறைந்து நிற்கவில்லை. நம் மாநிலத்தைவிட ஓரடி முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது. உறைந்த காலத்தைத் தேடிப் போகிறவர்களின் கண்ணில் அது படுவதில்லை.

7

கேரளத்தைக் குறை சொல்லிவிட்டு நழுவ எனக்கு விருப்பமில்லை. நமக்கும் ஒரு நீர்வழி இருந்தது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, வடக்கே ஆந்திரத்துக்கும் தெற்கே மரக்காணத்துக்குமாக நீண்டது பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி 1877-78 பஞ்சத்தில் பட்டினியால் வாடியவர்களைக் கொண்டு வெட்டப்பட்டது. விறகும் உப்பும் நெல்லும் அதில் வந்தன. கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தும் கழையால் தள்ளியும் தோணிகளைச் செலுத்தினார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு அதில் தோணியேறி மாமல்லபுரம் சென்று பாடிய 'மாவலிபுரச் செலவு' நம்மிடம் இருக்கிறது. வாடகைத் தோணியில் உல்லாசப் பயணம் போய் எழுதியதில் தவறில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா? கவிதை இருக்கிறது; கால்வாய்தான் இல்லை. 1965-66இன் புயல்கள் அதைச் சிதைத்தன. பின் சென்னை தன் சாக்கடையை அதில் திருப்பியது. பறக்கும் ரயிலின் தூண்களை அதன் மடியிலேயே நட்டது. 2008இல் அதைத் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்ததும் காகிதத்தில்தான். தன் கால்வாயைச் சாக்கடையாக்கிய ஊர்க்காரர், அயலாரின் காயலில் ஒரு நாள் மிதந்து அமைதி தேடுகிறார். தேடிய இடத்திலும் அதே வேலையைச் செய்துவிட்டு வருகிறார்.

ஆகவே காயல் கட்டுரை எழுதவிருக்கும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். படகுவீடு எடுப்பதாயின், முன்பணம் கொடுக்கும் முன்பே பதிவுச் சான்றையும் எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். கழிவு இறக்கியதற்கான அண்மை ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த படகுக்குப் போங்கள். ஒரு பருவத்தில் நூறு பேர் இப்படிக் கேட்டால் தீர்ப்பாயத்தின் அபராதத்தைவிட விரைவாக வேலை நடக்கும். இரண்டாவது, ஒரு நாளாவது அரசுப் படகில் போங்கள். மூன்றாவது, எழுதும்போது படகில் இருந்த மூவரையும் எழுதுங்கள். அவர்களுக்கு எந்த ஊர், பருவம் முடிந்தபின் என்ன வேலை, காயல் அவர்கள் சிறுவயதில் எப்படி இருந்தது என்று கேளுங்கள். நிலவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத எதையும் நாம் எழுதப்போவதில்லை. நீரைப் பற்றி நமக்குத் தெரியாதவை அவர்களிடம் நிறைய இருக்கின்றன.